அட்டை நிலவும் ஒற்றைக் கோலும்

(வட்டத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



153 பேர் மட்டுமே அமரக்கூடிய ஓர் அரங்கைப் பற்றியது இவ்வுரை. நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், சல்லிவன் தெருவில் அவ்வரங்கு இருந்தது. 1960ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் அங்கே 'தி ஃபேன்டாஸ்டிக்ஸ்' என்னும் புதிய இசை நாடகம் அரங்கேறியது. உரையாடலும் பாடலும் எழுதியவர் டாம் ஜோன்ஸ். இசை அமைத்தவர் ஹார்வி ஷ்மிட். இருவரும் டெக்சஸ் மாநிலத்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே நண்பர்களானவர்கள். (அதே பெயரில் உலகப் புகழ் பெற்ற பாடகர் ஒருவர் உண்டு. அவர் வேறு, இவர் வேறு.)

இந்நாடகம் பின்னாளில் அடைந்த புகழ் பெரிது. அந்தப் புகழின் வழியாகவே அதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வழியை இன்று விட்டுவிடலாம். நாடகம் புதிதாயிருந்த அந்த மே மாதத்தில், அதைப் பற்றி எதுவும் அறியாமல் சல்லிவன் தெருவுக்குள் நுழையும் ஒரு பார்வையாளரை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. அவர் கவிதை விரும்புகிறவர் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் காண்பது என்ன, கேட்பது என்ன என்பதே பொருள்.

அவர் காண்பது மிகக் குறைவு. சிறிதே உயர்ந்த ஒரு மரமேடை. அதில் நட்ட சில கழிகள். ஒரு பழைய பெட்டி. மூன்று புறமும் மக்கள் அமர்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் நடிகர் தடுக்கி விழக்கூடும். இசைக்கு ஒரு பியானோ. உடன் ஒரு ஹார்ப். ஹார்ப் என்பது நம் பழைய யாழுக்கு உறவான நரம்புக் கருவி. அரங்க அமைப்புக்குச் செலவான தொகை 900 டாலர். உடைகளுக்கு 541 டாலர். நாடகத்தின் மொத்த முதலீடே 16,500 டாலர்தான். அதே பருவத்தில் சில கல் தொலைவில், பிராட்வேயின் பெரிய அரங்குகளில், 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' போன்ற பெருநாடகங்கள் முழு வாத்தியக் குழுவோடு நடந்துகொண்டிருந்தன என்பதை நினைவிற் கொண்டால் இச்சிறுமை இன்னும் விளங்கும்.

இந்தச் சிறுமை வறுமையால் மட்டும் வந்ததன்று. ஜோன்சும் ஷ்மிட்டும் முதலில் பெரிதாகவே தொடங்கினார்கள். பிரெஞ்சுக் கவிஞர் எட்மோன் ரோஸ்தான் 1894இல் எழுதிய 'லே ரொமானெஸ்க்' என்னும் செய்யுள் நாடகமே மூலம். 'சிரானோ' எழுதிப் புகழ் பெறுவதற்கு மூன்றாண்டு முன்பு அவர் எழுதியது அது. அதன் கதையை அமெரிக்கத் தென்மேற்கின் மாட்டுப் பண்ணைகளுக்குக் கொண்டுபோய், ஒரு வெள்ளையர் குடும்பம், ஒரு மெக்சிகக் குடும்பம் என்று இரண்டை எதிரெதிரே நிறுத்தி, 'ஜாய் கம்ஸ் டு டெட்ஹார்ஸ்' என்ற பெயரில் ஒரு பெருநாடகத்தை ஆக்கினார்கள். 1956இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் அது மேடை கண்டது. நிறைவளிக்கவில்லை. ஆண்டுகள் கழிந்தன. 1959 கோடையில் பார்னர்டு கல்லூரிக்கு ஒரங்க நாடகம் ஒன்று உடனே வேண்டும் என்று இயக்குநர் வேர்டு பேக்கர் கேட்டபோது, பண்ணை, குதிரை, குடும்பப் பகை எல்லாவற்றையும் கழித்துவிட்டு எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த தயாரிப்பாளர் லோர் நோட்டோ, இரண்டு பாகமாக விரித்துத் தரும்படி கேட்டார். அவ்வாறு விரிந்ததே சல்லிவன் தெருவுக்கு வந்தது. எழுதியதைக் கழிப்பதன் வலியை இவ்வவையில் அறியாதார் இல்லை.

நாடகம் ஒரு பாடலோடு தொடங்குகிறது. கதை சொல்பவன் வந்து நிற்கிறான். அவன் பெயர் எல் காயோ. ஸ்பானிய மொழியில் 'சேவல்' என்று பொருள். கூத்தில் கட்டியங்காரன் போல அவன் கதைக்கு வெளியேயும் நிற்பான், உள்ளேயும் புகுவான். அன்று அவ்வேடம் பூண்டவர் ஜெரி ஆர்பாக் என்னும் இளைஞர். 'ட்ரை டு ரிமெம்பர்' என்ற அப்பாடல் இன்று உலகெங்கும் அறியப்பட்டது. அது செய்வது ஒன்றுதான்: செப்டம்பர் மாதத்தை நினைத்துப் பார்க்கும்படி கேட்கிறது. ஒரே இயைபோசையில் முடியும் மெல்லிய சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணியின் இறுதியிலும் ஒரே ஓர் ஏவல்வினை எதிரொலிபோல் திரும்ப வருகிறது. ஒலிபெருக்கிக்கு வேலையில்லாத நெருக்கம். பாடகர் குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஆகவே சொல்லின் கடைசி மெய்யெழுத்துவரை காதில் விழுகிறது. பேரரங்குகளில் பாட்டின் மேல் வாத்தியம் ஏறிக்கொள்ளும். இங்கே வாத்தியம் பாட்டின் கீழே விரிப்பாகக் கிடக்கிறது. பாட்டு முடிவதற்குள் பார்வையாளர் தம் சொந்தச் செப்டம்பர் ஒன்றுக்குள் போய்விட்டிருப்பார்.

கதை எளியது. அடுத்தடுத்த வீட்டில் ஒரு பையன், ஒரு பெண். மாட், லூயிசா என்று பெயர். பெண்ணுக்குப் பதினாறு வயது. தந்தையர் இருவரும் பகைவர்; நடுவில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். உண்மையில் பகை பொய். பிள்ளைகளிடம் ஒன்றைச் செய்யாதே என்றால்தான் செய்வார்கள் என்று தெரிந்த தந்தையர், இருவரையும் இணைக்கவே சுவர் கட்டினார்கள். காதல் முற்றியபின் பகையை எப்படி முடிப்பது? எல் காயோவுக்குக் கூலி பேசி, பெண்ணைக் கடத்துவது போல் நடிக்கச் சொல்கிறார்கள். பையன் வாள் சுழற்றி மீட்பான். தந்தையர் மனம் மாறியது போல் கைகுலுக்குவார்கள். அப்படியே நடக்கிறது.

சுவர் என்று சொல்லப்பட்டது. மேடையில் சுவர் இல்லை. வாய்பேசாத ஒரு பாத்திரம் உண்டு. வேண்டிய பொருளை எடுத்துத் தருவதும் வாங்கி வைப்பதுமே அவர் பணி. கீழ்த்திசை நாடக மரபுகளில் மேடைமீதே நின்று பொருள் எடுத்துக் கொடுக்கும் ஏவலரை நினைவூட்டும் பாத்திரம் அது. அவர் ஒரு கோலைக் குறுக்கே பிடித்து நிற்கிறார். அது சுவர். அதன் இருபுறமும் காதலர் ஒட்டி நின்று பேசும்போது பார்வையாளருக்குச் செங்கல் தெரிகிறது. மழை வேண்டும்போது அவர் காகிதத் துணுக்குகளைத் தூவுகிறார். மரத்தடியில் அணைந்து நிற்கும் காதலர் நனைகிறார்கள். அட்டையால் ஆன வட்டம் ஒன்று தொங்குகிறது, அது நிலவு. கோல் கோல்தான் என்பதைக் கண்ணெதிரே காட்டிவிட்டுச் சுவர் என்று நம்பச் சொல்வது துணிச்சல். ஆனால் உவமை சொல்லும் கவிஞன் செய்வதும் இதுவே. முகம் முகம்தான் என்று அறிந்தவரிடமே அவன் நிலவு என்கிறான்.

உவமையைப் பற்றியே முதற்பாகத்தில் ஒரு பாட்டு உண்டு. பையன் சுவரின் மேல் சாய்ந்துகொண்டு பெண்ணை வருணிக்கிறான். காவிய நாயகியர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இயற்கையில் உள்ளவை எல்லாம் அவளுக்கு ஒப்பாகின்றன. ஒன்று சொன்னதும் போதவில்லை என்று அடுத்தது. பெண்ணோ மயங்கி, இன்னும் இன்னும் என்று கேட்கிறாள். பார்வையாளர் சிரிக்கிறார். அவர் கவிதை எழுதுபவராயின் சற்றே கூச்சத்தோடு சிரிக்கிறார். பதினெட்டு வயதில் எழுதி மறைத்து வைத்த ஏடு அவருக்கு நினைவு வரும்.

கடத்தல் காட்சிக்கு உதவியாளராகப் பழைய பெட்டிக்குள்ளிருந்து இரண்டு நடிகர் வெளிவருகிறார்கள். ஒருவர் ஹென்றி என்னும் முதிய நடிகர். ஷேக்ஸ்பியர் வரிகளை ஒன்றோடொன்று குழப்பி முழங்குகிறவர். மற்றவர் மார்ட்டிமர், சாவதில் தேர்ந்தவர். வாழ்நாள் முழுதும் மேடையில் செத்துச் செத்தே பிழைத்தவர் அவர். அரங்கு சிரிப்பில் குலுங்குகிறது. முதற்பாகம் முடியும்போது எல்லாரும் நிலவொளியில் அழகிய ஓவியம் போல் உறைந்து நிற்கிறார்கள். திரும்பி வரும்வரை இப்படியே நிற்க முடிகிறதா பார்ப்போம் என்ற குறும்பு அந்தக் காட்சியிலேயே இருக்கிறது.

இடைவேளைக்குப் பின் எல்லாம் மாறிவிடுகிறது. அந்த அட்டை வட்டத்தைத் திருப்புகிறார்கள், மறுபுறம் சூரியன். வெயிலில் காதலர் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அழகு அவ்வளவாக இல்லை. தந்தையர் தாமே சூழ்ச்சியை உளறிவிடுகிறார்கள். வீர மீட்பு கூலிக்கு நடந்தது என்று பையனுக்குத் தெரிகிறது. சண்டை மூள்கிறது. பையன் உலகைக் காணப் புறப்படுகிறான். தோட்டக்காரர்களான தந்தையர் இருவரும், முள்ளங்கி விதைத்தால் முள்ளங்கிதான் வரும், பிள்ளைகள் விஷயத்தில் அந்த உறுதி இல்லை என்று பாடி ஆறுதல் தேடுகிறார்கள். (நாடகத்திலேயே மிகவும் கவலையற்ற பாட்டு அது, தந்தையராக இருப்பவர்கள் மட்டும் முழுதும் சிரிப்பதில்லை.)

முதல் விமர்சனங்கள் இந்த இரண்டாம் பாகத்தின் மீதே குறை சொல்லின. 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் புரூக்ஸ் அட்கின்சன் மதிப்பு மிக்க விமர்சகர். முதற்பாகத்தை அவர் விரும்பினார். பிறகு மாயம் கலைந்தது என்றார். நீள நீள மயக்கம் குன்றும் இயல்பினதோ இது என்று ஐயுற்றார். அவர் கண்டது தவறன்று. மாயம் கலையத்தான் செய்கிறது. அது குறையா என்பதே கேள்வி. முதற்பாகத்தின் இனிமையோடு வீடு திரும்பியிருந்தால் அந்தப் பார்வையாளர் ஓர் இனிய மாலையைப் பெற்றிருப்பார். ஒரு நாடகத்தைப் பெற்றிருக்க மாட்டார்.

இதற்குச் சான்று முகமூடிக் காட்சி. நாடகத்தின் உச்சி அதுவே. பையன் போனபின் பெண் எல் காயோவிடம் மயங்குகிறாள். தன்னை உலகெங்கும் அழைத்துப் போகச் சொல்கிறாள். அவன் அவளோடு ஆடுகிறான். சுழன்று சுழன்று ஊர் ஊராகப் போகிறார்கள். அவள் கையில் ஒரு முகமூடி தருகிறான். அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் அழகு. அதே நேரத்தில் மேடையின் மறுபுறத்தில், ஹென்றியும் மார்ட்டிமரும் வேடம் மாற்றி மாற்றி வந்து பையனை வதைக்கிறார்கள். முகமூடி கண்ணை விட்டு விலகும் நொடியில் பெண்ணுக்கு அலறல் கேட்கிறது. யாரோ எரிகிறார், உதவ வேண்டும் என்று பதறுகிறாள். முகமூடியைத் தூக்கிப் பிடி என்கிறான் அவன். பிடிக்கிறாள். உடனே எரிபவர் மறைந்து, நெருப்பின் நிறம் மட்டும் எவ்வளவு அழகு என்று தோன்றுகிறது. சுழற்சி தொடர்கிறது. ஹார்ப்பின் ஓசையும் தொடர்கிறது. முதற்பாகத்தில் மழைக்கு இசைத்த அதே கருவி.

இந்த இடத்தில் சிற்றரங்கு பார்வையாளரை விடுவதில்லை. ஆயிரம் பேர் அமரும் இடமாயின் பெண்ணின் ஆட்டம் ஒரு படமாகவும் பையனின் துன்பம் ஒரு படமாகவும் தொலைவில் தெரியும். இங்கே ஒருவருடைய பாவாடைக் காற்று முகத்தில் படுகிறது. மற்றவர் விழும் பலகையின் அதிர்வு இருக்கையில் ஏறுகிறது. எதைப் பார்ப்பது என்று ஒவ்வொருவரும் தேர்ந்தாக வேண்டும். பெரும்பாலோர் ஆட்டத்தைத்தான் பார்ப்பர். பார்த்துவிட்டு வெட்குவர். முதற்பாகத்தில் அடுக்கடுக்காக வந்து சிரிக்க வைத்த அந்த உவமைகள் இப்போது வேறு நிறத்தில் நினைவுக்கு வருகின்றன. உவமை என்பது பார்க்க உதவும் கண்ணாடியா, பாராமல் இருக்க உதவும் முகமூடியா என்பதை நாடகம் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆட்டத்தை மட்டும் நடத்திக் காட்டுகிறது.

பின்பு எல் காயோ பெண்ணின் கழுத்து மாலையை, அவள் தாயின் மாலையை, வாங்கிக்கொண்டு, வருவதாகச் சொல்லி விட்டுப் போய்விடுகிறான். பையன் கிழிந்த உடையோடு திரும்புகிறான். இருவரும் அமர்ந்து பேசுகிறார்கள், பிறகு பாடுகிறார்கள். அந்தப் பாட்டில் காவிய நாயகியர் இல்லை. உவமையே ஏறத்தாழ இல்லை. தேடியதெல்லாம் நீயே என்ற பொருளில், சிறு குழந்தைக்கும் தெரிந்த சொற்களால் ஆன பாட்டு அது. முதற்பாகத்தின் முடிவில் அதை வைத்திருந்தால் வெறும் பாட்டு. வெயிலுக்கும் அடிக்கும் பின்னால் வருவதால் பார்வையாளர் கைதட்ட மறந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த எளிமையை எழுதவே ஜோன்ஸ் முன்னால் அவ்வளவு அணிகளை அடுக்கினார் என்று தோன்றும். அட்கின்சன் கூறிய 'கலைவு' இல்லாமல் இந்தப் பாட்டுக்கு வழியில்லை.

நாடகத்துக்கு ஊறும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. கடத்தலுக்கு விலை பேசும் பாட்டில் எல் காயோ பலவகைக் கடத்தல்களைப் பட்டியலிடுகிறான். அங்கே 'ரேப்' என்ற ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கவர்ந்து செல்லுதல் என்ற பழைய இலக்கியப் பொருளில்தான் ஜோன்ஸ் அதை ஆண்டார். 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அலெக்சாண்டர் போப், ஒரு பெண்ணின் கூந்தற் கற்றையை ஒருவன் கத்தரித்துக் கொண்டதைப் பாடிய அங்கதக் காவியத்தின் தலைப்பிலும் அச்சொல் அப்பொருளிலேயே நிற்கிறது. வாதம் சரியே. ஆனால் அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெண் அகராதியோடு வரவில்லை. அவள் காதில் விழுவது வன்புணர்ச்சி என்ற இன்றைய பொருள். அதைச் சுற்றி இருக்கைகள் சிரிக்கின்றன. நாற்றம் என்ற சொல் ஒருகாலத்தில் நறுமணம். அந்த உரிமையை வைத்துக்கொண்டு இன்றொரு கவிஞர் காதலியின் கூந்தலை அச்சொல்லால் பாராட்டத் துணிவாரா? அங்கே போவது அழகு மட்டும். சல்லிவன் தெருவில் போனது அதைவிடப் பெரிது. முகமூடியைப் பற்றி அவ்வளவு கூர்மையாக எழுதிய ஒருவர், தம் சொல்லுக்கே ஒரு முகமூடி இருந்ததைக் காணவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல எதிர்ப்பு வலுத்தது. 1990 அளவில் ஆசிரியர்களே மாற்றுப் பாடல் ஒன்றை எழுதித் தந்தார்கள். பின்னர் உரையாடலிலும் அச்சொல்லுக்குப் பதில் வேறு சொற்கள் புகுந்தன. திருத்தியபின் நகைச்சுவை சற்று மங்கியது என்பாரும் உளர். மங்கினால் என்ன?

முதல் வாரத்திலேயே நாடகத்தை மூடிவிடும்படி நோட்டோவுக்குப் பலர் அறிவுரை கூறினர். இருக்கைகள் காலியாகக் கிடந்த மாலைகள் இருந்தன. அவர் மூடவில்லை. பார்த்தவர் மற்றவருக்குச் சொல்ல, மெல்ல மெல்லக் கூட்டம் வந்தது. பிற்காலத்தில் நோட்டோவே தந்தையருள் ஒருவராகப் பல ஆண்டுகள் அதில் நடித்தார். தயாரிப்பாளர் ஒருவர் தம் நாடகத்தின் தோட்டத்தில் தாமே மண் கிளறியது அரிய செய்தி. நாடகம் 2002 ஜனவரி 13ஆம் நாள் வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அதே அரங்கில் நடந்தது. 17,162 காட்சிகள். ஒவ்வொரு காட்சியிலும் அரங்கு நிறைந்தது என்றே கொண்டாலும் பார்த்தவர் தொகை 26 லட்சத்தைச் சற்றே தாண்டும். ஒரு வெற்றித் திரைப்படம் சில வாரங்களில் எட்டிவிடும் தொகை. பிராட்வேயில் 1988 முதல் 2023 வரை நடந்து, சரவிளக்கு விழும் காட்சிக்காகவே பேசப்பட்ட 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்ரா' 13,981 காட்சிகளில் நின்றது. ஒரு கோலும் ஓர் அட்டை நிலவும் அதைவிட நெடுங்காலம் உழைத்திருக்கின்றன. நீள நீள மயக்கம் குன்றும் என்ற ஐயத்தை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் புன்னகை வரும். அட்கின்சன் மீது வருத்தம் வராது. கண்ணெதிரே கண்டதை நேர்மையாக எழுதியவர் அவர்.

சல்லிவன் தெரு அரங்கு இன்றில்லை. அந்த இடம் குடியிருப்பாகிவிட்டது. ஷ்மிட் 2018இலும் ஜோன்ஸ் 2023இலும் காலமானார்கள்.

இறுதிக் காட்சியைச் சொல்லாமல் விடக்கூடாது. காதலர் சேர்ந்துவிட்டனர், தந்தையர் மகிழ்ந்து, இனி அந்தச் சுவர் எதற்கு, இடித்துவிடலாம் என்கிறார்கள். எல் காயோ தடுக்கிறான். சுவர் இருக்கட்டும் என்கிறான். காரணத்தை விளக்குவதில்லை. வாய்பேசாதவர் கோலைப் பிடித்தபடி நிற்கிறார். செப்டம்பரைப் பற்றிய முதற்பாடல் மறுபடி கேட்கிறது; சொற்கள் முன்னைப் போலவே மென்மை, ஆனால் இப்போது டிசம்பரும் அதில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

1960இல் பெட்டிக்குள்ளிருந்து வெளிவந்த முதிய நடிகர் ஹென்றியின் பெயர் அறிவிப்புத் தாளில் தாமஸ் புரூஸ் என்று இருந்தது. அப்படி ஒரு நடிகர் இல்லை. எழுதிய டாம் ஜோன்சே புனைபெயரில் அந்த வேடம் பூண்டிருந்தார். முதியவராக நடித்த அவருக்கு அப்போது வயது 32. 2006இல் நியூயார்க்கின் வேறொரு சிற்றரங்கில் அவரே இயக்கி நாடகத்தை மீண்டும் மேடையேற்றினார். அன்றும் தாளில் தாமஸ் புரூஸ் என்றே பெயர். பெட்டியின் மூடி திறந்தது. 78 வயதில், இப்போது ஒப்பனை அதிகம் வேண்டாத முகத்தோடு, அவர் எழுந்து வந்து ஷேக்ஸ்பியரைத் தவறாக முழங்கினார்.